சிந்தசைசருக்கு ஜோடி

பழைய அனலாக் சிந்தசைசருக்கு எந்த எஃபெக்ட் பெட்டி பொருந்தும் என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். மதுரையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பையன்கள் எங்கிருந்தோ என் செல்போன் எண்ணைப் பிடித்து, "சார், நீங்க அந்தக் காலத்து ஆளு. டேப் எக்கோவா, டிஜிட்டலா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் யாரும் சீந்தாத பெட்டிகள் எல்லாம் இப்போது பொக்கிஷமாம். என் பதில் எப்போதும் ஒன்றுதான். மெல்லிசான சத்தத்துக்கு அழுக்கான எக்கோ, தடித்த சத்தத்துக்குச் சுத்தமான எக்கோ. சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். அந்த விதிப்படி சரியாக எடுத்த பெட்டியை நான் ஒருமுறை மாற்றியதையும், அதனால் என்ன ஆனது என்பதையும் அவர்களிடம் சொல்வதில்லை. அதைச் சொல்லக் கேட்கும் அளவுக்கு யாருக்கும் பொறுமை இல்லை, எனக்கும் தொண்டை இல்லை. எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் இராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். சொந்த ஊர் அபிராமத்துக்குப் பக்கம், மிளகாய் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற ஊர். வாரக்கடைசியில் ஒரு மெல்லிசைக் குழுவில் சிந்தசைசர் வாசித்தேன். கீழக்கரையில் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தன் மகனுக்காகக் கொண்டுவந்த, ஆர்மோனியக் கட்டை வைத்த மின்சாரப் பெட்டி அது. மகன் அதைத் தொடவே இல்லை. அலமாரி மேல் துணி மூடிக் கிடந்ததை நான் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று ஊமையாகிவிடும். முப்பது திருகுகள் இருந்தன, ஞாபகசக்தி என்பது அதற்குக் கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முப்பதையும் நானே திருகி வைக்க வேண்டும். ஜெனரேட்டரில் வோல்டேஜ் இறங்கினால் சுருதியும் கூடவே இறங்கும். மற்ற வாத்தியக்காரர்கள் என்னைப் 'பொட்டி தட்டுறவன்' என்பார்கள். ஆபீசிலும் தட்டல், இங்கும் தட்டல் என்று சிரிப்பார்கள்.

குழுவின் ஓனர்தான் முதன்மைப் பாடகர். எல்லோரும் ஓனர் என்றே கூப்பிட்டோம், அவருக்கும் அது இனித்தது. எங்கள் பக்கத்தில் அப்போது எக்கோ இல்லாமல் பாடினால் அது பாட்டே இல்லை. 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்வதற்கே மூன்று எக்கோ வேண்டும். இரண்டு ரீல் நாடா ஓடும் ஓர் எக்கோ பெட்டி அவரிடம் இருந்தது. வேனில் அது அவர் மடியில்தான் வரும். எக்கோ பாடகருக்கு உரியது, வாத்தியத்துக்கு இல்லை என்பது எல்லாக் குழுக்களிலும் எழுதாத சட்டம். என் சிந்தசைசர் நேராகக் குழாய் ஸ்பீக்கருக்குப் போகும். அங்கிருந்து கொசு ரீங்காரம்போல வெளியே வரும். என் அறையில், ஒரு சின்ன ஸ்பீக்கரில், அதே பெட்டி எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். மேடையில் அது பேசியதே இல்லை. இந்த எரிச்சலோடு ஏழெட்டு வருஷம் வாசித்தேன்.

அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவள் ஒருத்திதான். குழுவின் பெண் குரல். பாம்பனுக்கு அந்தப் பக்கம், தீவில் ஒரு மீனவர் ஊர். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவளை ஓனர் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். கச்சேரிக்கெல்லாம் அவள் அம்மாவும் கூடவே வருவார், மேடைக்குப் பின்னால் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவள் என் பக்கம் வந்து, "இத்தனை திருகையும் எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். ஞாபகம் இல்லை, குத்துமதிப்புதான் என்றேன். அடுத்த வாரம் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பு ஒரு பாட்டுக்கு, கறுப்பு இன்னொன்றுக்கு, பச்சை மூன்றாவதுக்கு என்று திருகு நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு பேருமாக ஒட்டினோம். அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பாட்டிலும் திருகு தப்பவில்லை. மற்றதெல்லாம் தப்பத் தொடங்கியது.

சுருக்கமாகச் சொன்னால், அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கும் இருந்தது. என் வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் அய்யா முதலில் அரிவாளைத் தேடுவார், அப்புறம்தான் பெண் யார் என்று விசாரிப்பார். அவள் அம்மாவிடம் நானே பேசினேன். ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்றால் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் புருஷனிடம் சொன்னார். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு அவள் அப்பாவே ஒருநாள் மீன் மார்க்கெட்டுக்கு இராமநாதபுரம் வந்தவர் என் ஆபீசுக்கு வெளியே வந்து நின்றார். சட்டை மடிப்பில் உப்பு காய்ந்திருந்தது.

"தம்பி, எனக்கு உங்க சாதி சனம் தெரியாது. எங்க ஊருக்கும் தெரியாது. மாதா திருவிழாவுக்கு உங்க கச்சேரியத்தான் பேசியிருக்கோம். வாங்க. ஊரு உங்களப் பாக்கட்டும், நானும் பாக்குறேன். அப்புறம் பேசுவோம்" என்றார்.

டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம், ஐஸ் உருகும் என்று போய்விட்டார்.

எனக்கு அந்த வார்த்தைகள் போதும். ஊர் பார்க்கட்டும் என்றால் ஊர் கேட்கட்டும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பாட்டிலாவது என் சிந்தசைசர் அறையில் பேசுவதுபோல மேடையில் பேச வேண்டும். 'இவன் வெறும் பொட்டி தட்டுறவன் இல்லை' என்று அந்தக் கடற்கரையே எழுந்து நிற்க வேண்டும். அப்படியெல்லாம் நினைத்தேன். முப்பது வயதில் இவ்வளவு மடத்தனம் ஒருவனுக்கு இருக்கலாம்தான். ஆனால் அதோடு கூடவே அவனிடம் ஒரு சிந்தசைசரும் இருக்கக் கூடாது.

ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, சிந்தசைசரை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்து, பெட்டிகளை வாடகைக்கும் விடுகிற கடை ஒன்று எனக்குத் தெரியும். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது ஸ்பிரிங் ரிவெர்ப். சத்தம் என்னவோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் மேடைப் பலகையில் யாராவது அழுத்தி நடந்தால் போதும், உள்ளே ஸ்பிரிங் அதிர்ந்து இடி இடிக்கும். எங்கள் கச்சேரிகளில் நடுநடுவே ஒருவர் பெண் வேஷம் போட்டு ஆடுவார். அதனால் அது கழிந்தது.

இரண்டாவது டேப் எக்கோ. ஓனருடையதைவிடப் பழசு. நாடா தேய்ந்து, ஓட்டத்தில் லேசாக நடுக்கம் இருந்தது. என் சிந்தசைசரின் நீண்ட சுரம் ஒன்றை அதற்குள் விட்டேன். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அந்தச் சுரத்துக்குக் கொஞ்சம் வயதாகியிருந்தது. முதலில் வந்ததைவிட இரண்டாவது மங்கல், மூன்றாவது இன்னும் மங்கல். ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஒற்றைச் சுரம் பேசுகிற பெட்டி பத்து பேர் சேர்ந்து பாடுவதுபோல ஆனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது டிஜிட்டல் டிலே. அப்போதுதான் வந்திருந்தது. சிவப்பு விளக்கு மினுங்கும் ஒரு தட்டைப் பெட்டி. கொடுத்ததை அப்படியே இரண்டு நொடி வரை பிடித்து வைத்திருந்து, ஒரு மாற்றமும் இல்லாமல் திருப்பிக் கொடுக்கும். என் நீண்ட சுரத்தை விட்டேன். ஒல்லியான சுரம் ஒல்லியாகவே மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. "இது வாய்ஸுக்குத்தான் சார் லாயக்கு. உங்க பொட்டிக்கு டேப்தான் ஜோடி" என்றார் கடைக்காரர். எனக்கே அது தெரிந்திருந்தது. டேப் எக்கோவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று நான் செய்தது சரியான தேர்வு. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் ஒத்திகைக்கு அவள் வரவில்லை, ஊரில் திருவிழாக் கொடியேற்றம். மாதா பாட்டு ஒன்றோடுதான் கச்சேரி தொடங்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் என் நீண்ட சுரத்தை எக்கோவோடு மெல்ல எழுப்பி, ஏற்றி, இறக்கினேன். வாசித்து முடித்துவிட்டு எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். தபலாக்காரர் தபலாவின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

"ஏலே, என்னலே இது?" என்றார் ஓனர். "எழவு வீட்டுல சங்கு ஊதுற மாதிரி இருக்கு. திருவிழாவுல போயி இத ஊதுனா கல்லத் தூக்கி எறிவானுக. நீ வேற அங்கன பொண்ணு கேட்டுப் போறவன்."

உடனே அவரோடு சண்டை போட்டேன். உங்கள் காதுக்கு உங்கள் தொண்டையைத் தவிர ஒன்றும் கேட்காது என்று கத்தினேன். ஆனால் அறைக்கு வந்து தனியாக வாசித்துப் பார்த்தபோது எனக்கும் சங்குதான் கேட்டது. எங்கள் ஊரில் ஓர் ஆள் போய்ச் சேர்ந்தால் முதலில் சங்குதான் ஊரைக் கூப்பிடும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டாலே சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடியிருக்கிறேன். எத்தனை திருகைத் திருப்பினாலும் சங்கு சங்காகவே இருந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற ஊரில் முதல் சத்தமாகச் சாவுச் சங்கை ஊதுவதா?

இரண்டு நாள் கழித்து லீவு போட்டு, டேப் எக்கோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிஜிட்டல் டிலேயை எடுத்துவந்தேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். நீண்ட சுரம் இதற்குச் சேராது என்று தெரியும். அதனால் பெட்டிக்கு ஏற்றபடி சத்தத்தை மாற்ற வேண்டியதாயிற்று. சிந்தசைசருக்குள் சுரம் பிறக்கிற இடம் இரண்டு உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று முட்டவிட்டு, சட்டென்று தொடங்கி மெதுவாக அடங்குகிறபடி வைத்தால் உலோகத்தைத் தட்டிய சத்தம் வரும். நாலைந்து நாள் முட்டவிட்டதில் ஒரு மணி கிடைத்தது. நல்ல கனமான, வெண்கல மணி. அதை டிலேக்குள் விட்டேன். ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்தால் போதும். இரண்டு நொடிக்கு ஒரு தரம், கொஞ்சமும் மங்காமல், தானாக அடித்துக்கொண்டே இருந்தது. சுத்தமான எக்கோவுக்கு ஏற்ற சத்தம் இதுதான் என்று தோன்றியது. ஓனரைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

"ஆங், இது சாமி சத்தம். கோயில்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். தபலாக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு மணி என்றால் பூஜை, தீபாராதனை. சங்கை விலக்கிவிட்டு மணியைப் பிடித்துவிட்டோம் என்று எங்களுக்கு எவ்வளவு நிம்மதி! குழுவில் அவளைத் தவிர எல்லோரும் உள்நாட்டுக்காரர்கள். கடல் பக்கம் கச்சேரிக்குப் போவோம், வேன் ஏறித் திரும்புவோம். அங்கே எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்?

தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். கடைசி ஒத்திகைக்கு அவள் வந்தாள். நான் டிலே பெட்டியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். மேடையில் முதன்முதலாக அவள் கேட்க வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஓனரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். வெறும் சிந்தசைசரில் மாதா பாட்டை வாசித்தேன், அவள் பாடினாள்.

முடிந்ததும் அவள் சொன்னாள்: "எங்க ஊர்ல ஒரு போட்டு கரை திரும்பல. நாலு பேரு போனாக. பன்னெண்டு நாளாச்சு."

அப்படியானால் கச்சேரி வேண்டாமே என்றார் ஓனர்.

"நிறுத்திருவோம்னுதான் ஊர்ல பேசுனாக. அந்த நாலு வீட்டு ஆளுகளே நிறுத்த வேணாம்னுட்டாக. நிறுத்துனா அவுக இல்லைன்னு நாமளே சொல்லிட்ட மாதிரி ஆயிரும்ல? கொடி ஏறிருச்சு, எல்லாம் எப்பவும்போல நடக்கட்டும்னு சொல்லிட்டாக. ஆனா இருட்டுறதுக்குள்ள முடிச்சிரணும்னு பங்குச் சாமியாரு சொல்லிட்டாரு. சோகப் பாட்டு மட்டும் வேணாம்."

சோகப் பாட்டு எதுவும் இல்லை என்று ஓனர் உறுதி சொன்னார். நான் மணியை நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சத்தம் கிடைக்காது, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

திருவிழாவின் கடைசி நாள், பிற்பகல் நாலு மணி. கோயிலுக்குப் பக்கத்தில் மணலில் மேடை, எதிரே கடல். போட்டுகள் எல்லாம் கரையில் காகிதத் தோரணத்தோடு நின்றன. மைக் செட்காரர் தீவு ஆள்தான். தென்னையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், மூன்றாவதை எப்போதும்போல உயரமான இடம் என்று கோயிலின் மணிக்கூண்டில் கட்டியிருந்தார். அவள் அப்பா முன்வரிசையில், வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்து அவரிடம் ஏதோ கேட்டார்கள். அவர் தலையை ஆட்டினார். ஓனர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.

முதல் மணிக்குப் பேச்சு நின்றது. இரண்டாவதுக்குக் குழந்தைகளும் அடங்கின. மூன்றாவதுக்கு முன்னால் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். ஆண்களும் எழுந்தார்கள். நான் ஆசைப்பட்டபடியே அந்தக் கடற்கரை முழுக்க எழுந்து நின்றது. என் நெஞ்சு எப்படிப் பொங்கியது என்று மறைக்க மாட்டேன். திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், மணி ஓயாமல் இருக்கட்டும் என்று. அப்போதுதான் பார்த்தேன், ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. எல்லோரும் மணிக்கூண்டைப் பார்த்தார்கள். சத்தம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பூசைக்கு அங்கே மணி தொடர்ந்து அடிக்கும். ஆபத்து என்றால் பதறிப் பதறி அடிக்கும். ஒவ்வொரு அடியாக, நின்று நின்று அடித்தால் சாவு. இதை அந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

"மணிய நிப்பாட்டுங்க!" என்று அவள் மைக்கிலேயே கத்தினாள். என் கை கட்டையில் இல்லை. பெட்டி தானாக அடித்தது. எந்தத் திருகைத் திருப்புவது என்று தெரியாமல் எதையோ திருப்பினேன். இன்னும் மூன்று தடவை அடித்த பிறகுதான் ஒயரைப் பிடுங்கினேன். அதற்குள் கோயிலுக்குப் பின்னால் இருந்த வீடுகளிலிருந்து ஒருத்தி ஓடிவந்துவிட்டாள். கச்சேரி பார்க்க வராமல் வீட்டிலேயே இருந்தவள். கரை திரும்பாத நாலு பேரில் ஒருவனுடைய பெண்டாட்டி. தலை அவிழ்ந்திருந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டே நேராக மேடைக்கு வந்து, வாத்தியங்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு அடிச்சது? சேதி வந்துருச்சா? எங்க ஒதுங்கியிருக்காக?" என்றாள்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சேதி ஒண்ணும் வரலம்மா. இது பாட்டு" என்றேன்.

"பாட்டா?" என்றாள்.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இளவட்டங்கள் மேடை ஏறி என் சட்டையைப் பிடித்தார்கள். சாமியார் நடுவில் வந்து, "தெரியாமச் செஞ்சிட்டாரு, விடுங்கப்பா" என்று தடுத்தார். எனக்கு அந்த அடி கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாமான்களை வேனில் ஏற்றும்போது, முன்வரிசையில் இருந்த அவள் அப்பா வந்தார். கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"உங்க மேல தப்புச் சொல்லல தம்பி. ஆனா இந்த ஊருல இனி உங்களுக்கு நான் என்னன்னு பேச முடியும்? இங்கன வராதீங்க."

அவள் கோயில் வாசலில் அம்மாவோடு நின்றாள். என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். வெயில் கண்ணுக்கு நேராக இருந்தது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கள் குழுவில் பாடவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அடுத்த வருஷமே தூத்துக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

தீவுப் பக்கம் எங்களை யாரும் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. போகிற இடமெல்லாம் ஓனர், 'எல்லாம் பொட்டி தட்டுறவன் செஞ்ச வேலை' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சங்கு வேண்டாம் என்று விரட்டியவர் அவர்தான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன், டீக்கடைக்காரர் வரைக்கும். சங்கையே ஊதியிருந்தால் அந்த ஊருக்கு அது வெறும் சத்தமாக இருந்திருக்கும். இதை எத்தனை பேரிடம் எடுத்துச் சொல்லியும் என் பாரம் ஒரு குன்றிமணி குறையவில்லை.

நாலு பேரும் வரவேயில்லை. ஆறேழு மாதம் கழித்து மைக் செட்காரரை இராமநாதபுரம் கடைத்தெருவில் பார்த்தேன். ஊர்ச் சார்பில் அவர்களுக்குப் பூசை வைத்ததாகச் சொன்னார். மணி அடிக்கப் போனவர்களை அந்தப் பெண் தடுத்துவிட்டாளாம். "அவருக்குத்தான் அன்னைக்கே அடிச்சாச்சே, எத்தனை தடவை சாகடிப்பீக?" என்று கேட்டாளாம். மற்ற மூன்று வீட்டாரும் மணியை விட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் திருவிழாவின் கடைசி நாளில்தான் நாலு பேருக்கும் நினைவுப் பூசை என்று முடிவாகிவிட்டது. "நீங்க வச்ச தேதிதான்" என்றார் மைக் செட்காரர். குத்திக்காட்டவில்லை, சும்மா தகவலாகத்தான் சொன்னார்.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. அய்யா பார்த்த பெண். நல்லவள், இதைப் படிக்கமாட்டாள். குழுவை விட்டேன், வேலையில் இருந்தேன், ஓய்வுக்கு நாலைந்து வருஷம் இருக்கிறது. சிந்தசைசர் பரணில் கிடக்கிறது. மதுரைப் பையன்கள் விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கவில்லை. பாசம் ஒன்றும் இல்லை. இன்னொருத்தன் அதைக்கொண்டு ஒழுங்காக வாசித்துவிட்டால் எனக்குத் தாங்காது.

இந்த வருஷம் சித்திரையில் இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உச்சி வெயில். தூத்துக்குடி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிறாள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள். உடம்பு, பிள்ளைகள், வேலை என்று எல்லாரும் கேட்பதைக் கேட்டாள். அப்பா எப்போது தவறினார் என்று கேட்டேன், சொன்னாள். நல்ல மனிதர், எனக்காக அன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார், அவர் முகத்தில் கரியைப் பூசிவிட்டேன் என்றேன். இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் அது. அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா அன்னைக்குக் காலைலயே சரின்னுட்டாரு" என்றாள். "பூசைக்குப் போய்ட்டு வந்து அம்மாகிட்ட, பையன் நல்லவனாத்தான் தெரியுறான், குடுத்துருவோம்னாரு. ஊருப் பெரியவுகட்டயும் சொல்லிட்டாரு. உங்ககிட்டச் சொல்லணும்னு அம்மா காலைலருந்து துடிச்சாக. நான்தான் விடல."

"ஏன்?" என்றேன்.

"கச்சேரி முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்னு சொன்னேன். நீங்க எப்பிடி முழிப்பீகன்னு பாக்கணும்னு ஆசை."

பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு முண்டியடித்து ஏறினாள், ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த மேடையில் நான் எதையும் வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதுமாக இருந்திருக்கிறது.